வேடந்தாங்கல் கரையில் பார்த்த பெரியவருக்கு

பெயர் கேட்டதற்கு "அது எதுக்குங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

போன ஞாயிறு காலை குடியிருப்புப் பிள்ளைகளோடு வந்தோமே, நாங்கள்தான். இருந்தது ஒரே பைனாகுலர், அதற்கும் அடிதடி. "கண்ணாலயே தெரியும், வாங்க" என்று கூப்பிட்டீர்கள். அவ்வளவுதான், அதற்கப்புறம் பைனாகுலரை யாரும் தேடவில்லை.

நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடிக்கத் தோதான அமைப்பு அது என்று இரண்டு கையையும் வளைத்துக் காட்டினீர்கள். தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் நெளிந்து வந்ததைப் பார்த்து "பாம்பு!" என்று என் மகள் அலறினாள். "கொஞ்சம் பொறு பாப்பா" என்றீர்கள். அது கிளையேறி, நனைந்த இறக்கையை விரித்துக் காயவைத்ததும் அவளுக்கே விளங்கிவிட்டது. பாம்புத்தாரா என்ற பெயரை இனி மறக்கமாட்டாள்.

எச்ச நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திய பையன்களை நீங்கள் திட்டவில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் சுற்று வயல்களுக்கு உரம், அதனால்தான் ஊரே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காக்கிறது என்று சொன்னீர்கள். சுமார் 30 ஹெக்டேர் ஏரிக்குள் இத்தனை விஷயம்! (பலகையில் எழுதியிருந்ததை ஒரு பிள்ளையும் படிக்கவில்லை என்பது வேறு கதை.)

ஒரு டீக்குக்கூட நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மனமார்ந்த நன்றி ஐயா. அடுத்த சீசனுக்கு டிசம்பர் வாக்கில் வருகிறோம். டீ எங்கள் கணக்கு, மறுக்கக்கூடாது.