செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: செவிலியர் தொடர்புப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மே 12 செவிலியர் நாள் விழா, சந்தா வசூல், அலுவலக அறைப் பராமரிப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வெவ்வேறு மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களுக்கிடையே நிலையான தொழில்முறைத் தொடர்பை ஏற்படுத்துவதே சென்ற பொதுக்குழு நமக்கு இட்ட முதன்மைப் பணி என்பதால், அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் இருப்பவருக்கு ஓர் ஐயம் எழுந்தால், அடுத்த வார்டிலேயே கேட்டுத் தெளிய ஆள் உண்டு. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு சிறிய நர்சிங் ஹோமில் பணிபுரியும் செவிலியருக்கு அந்த வசதி இல்லை. சம்பளம் நியாயமானதா, டயாலிசிஸ் பயிற்சி எங்கே கிடைக்கும், செவிலியர் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அவர் கேட்பதற்கு அந்த நிர்வாகத்தைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. நிர்வாகத்திடம் கேட்கக் கூடாத கேள்விகளும் அவற்றுள் அடங்கும். நம் தொடர்புப் பணியின் பயன் முதலில் இவர்களுக்கே சேர வேண்டும் என்று செயற்குழு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்தது.

செவிலியர் தமக்குள் தொடர்பு வைத்துக்கொள்வது இன்று தோன்றிய வழக்கம் அன்று. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் அமைந்தது. அதன் இதழ் 1910 முதல் வெளிவருகிறது. மாணவச் செவிலியர்களுக்கான பிரிவு 1929இல் தொடங்கப்பட்டது. கடிதமும் ரயிலுமே வழியாக இருந்த காலத்தில் அவர்கள் செய்ததைக் கையில் செல்பேசி வைத்திருக்கும் நாம் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இவ்வாண்டு மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலை நடந்த சந்திப்பில் ஒவ்வொரு முறையும் ஒரு மருத்துவமனையைச் சேர்ந்த உறுப்பினர் தம் பிரிவின் நடைமுறையை விளக்கினார். ஐசியூவில் ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் ஹேண்டோவர் குறிப்பு எவ்வாறு எழுதப்படுகிறது, பச்சிளங்குழந்தைப் பிரிவில் மருந்தளவை இருவர் சரிபார்க்கும் முறை எப்படி நடக்கிறது என்பன போன்றவை பேசப்பட்டன. வேலைவாய்ப்பு பற்றிப் பேசாமல் இவற்றைப் பேசுவது ஏன் என்று சில இளம் உறுப்பினர்கள் கேட்டனர். ஒருவருடைய வேலைத்திறனை நேரில் அறிந்த பிறகே இன்னொருவர் மனமார அவருக்காகப் பேச முடியும் என்பதுதான் அதற்கு என் விடை. விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதாலோ லிங்க்ட்இனில் பெயரைச் சேர்ப்பதாலோ மட்டும் அந்த நம்பிக்கை வந்துவிடாது.

ஒரே பேட்ச் தோழிகளிடமிருந்து மட்டும் செய்தி பெறுவதன் குறையையும் இவ்வாண்டு தெளிவாகக் கண்டோம். நெருங்கிய தோழிக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். வேலை மாறியவர்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே புதிய வாய்ப்புச் செய்திகள் மிகுதியாக வருகின்றன என்று 1973ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். நம் உறுப்பினர்களின் அனுபவமும் அவ்வாறே இருக்கிறது. குழந்தைப்பேற்றுக்காகப் பணியை விட்டுச் சில ஆண்டுகள் வீட்டிலிருந்த ஒரு சகோதரி, மீண்டும் வேலை கிடைக்குமா என்று தயங்கியிருந்த நிலையில், முன்பு ஒரே ஒரு பயிற்சி முகாமில் தம்முடன் அமர்ந்திருந்த செவிலியர் கொடுத்த தகவலால் ஒரு டயாலிசிஸ் மையத்தில் சேர்ந்திருக்கிறார். இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்களுக்கு நாம் இன்னும் கூடுதலாகத் துணை நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலைக்கு முன்னதாக ஓர் அனுபவமுள்ள செவிலியருடன் அமர்ந்து, மாறியிருக்கும் மருந்துகளையும் கருவிகளையும் அறிந்துகொள்ளவே அவர்கள் விரும்புகிறார்கள்.

அரசுப் பணி பற்றி ஒன்றைத் திட்டமாகச் சொல்ல வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான செவிலியர் தேர்வை 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. அங்கே எவருடைய அறிமுகமும் மதிப்பெண்ணுக்கு ஈடாகாது. ஈடாக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பக் கூடாது. தேர்வு எழுதித் தேறியவர்களின் பாடக்குறிப்பும், அறிவிப்பு வந்தவுடன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும், சான்றிதழ் சரிபார்ப்புக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்ற பட்டியலுமே தொடர்புகளால் கிடைக்கக்கூடியவை. அவற்றை நம் சீனியர்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

வெளிநாட்டு வேலைதான் இவ்வாண்டு நம் நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொண்டது. வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் உரிமத் தேர்வுக்குப் படிப்பதோடு, படித்த கல்லூரி, பணிபுரிந்த மருத்துவமனை, பதிவு பெற்ற கவுன்சில் ஆகியவற்றிடமிருந்து நேரடிச் சரிபார்ப்பையும் பெற வேண்டியுள்ளது. சரிபார்ப்புக் கடிதம் வரும்போது, பழைய மருத்துவமனையில் தலைமைச் செவிலியரான மேட்ரன் ஓய்வு பெற்றிருப்பார், அலுவலகத்தில் எல்லோரும் புதியவர்களாக இருப்பார்கள், பதில் அனுப்ப யாருக்கும் அக்கறை இருக்காது. அங்கே இன்றும் பணிபுரியும் ஒரு பழைய தோழி பதிவேட்டைத் தேடி எடுத்து உரியவரின் மேசையில் வைத்தால்தான் காரியம் நடக்கிறது. எனவே, வேலையை விடும்போது மனக்கசப்போடு விடாமல், உரிய முன்னறிவிப்புக் கொடுத்து, அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கி, மேற்பார்வையாளருடன் தொடர்பைக் காத்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு கூட்டத்திலும் வலியுறுத்தினோம்.

பிரிட்டனுக்குச் செல்வோர் ஆங்கிலத் தேர்வையும், இங்கிருந்தே எழுதும் கணினித் தேர்வையும், அங்கே சென்றபின் செய்முறைத் தேர்வையும் முடிக்க வேண்டும். அந்த வரிசையில் ஏற்கெனவே நடந்து முடித்த உறுப்பினர்கள் இருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நம் அறையில் அமர்ந்து செய்முறைத் தேர்வை நடித்தே காட்டினார்கள். ஜெர்மனிக்கு மொழித் தேர்ச்சி இன்றியமையாதது என்பதால், ஜெர்மன் மொழித் தேர்வின் இடைநிலையான பி1இல் நின்றுவிடாமல் அதற்கு அடுத்த நிலையான பி2 வரை தொடருமாறு அங்குள்ள நம் சகோதரர் அறிவுறுத்தியதையும் பதிவு செய்கிறேன்.

முகவர்கள் குறித்து மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் ஒருவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே என்றும், ரசீது தர வேண்டும் என்றும் விதி இருக்க, பல லட்சம் கேட்டு அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்ட ஓர் இடைத்தரகரிடம் நம் பகுதிச் செவிலியர்கள் சிக்கினார்கள். பணம் கொடுக்கும் முன் அதே தரகர் வழியாகச் சென்ற ஒருவரைக் கேட்டிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது. முகவரின் உரிமத்தை ஒன்றிய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் சரிபார்ப்பதும், 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் அணுகுவதும் இனி நம் உறுப்பினர்களின் வழக்கமாக வேண்டும். சான்றிதழ்களை மீட்கும் முயற்சியில் சங்கம் அவர்களுடன் நிற்கிறது. அப்பணி இன்னும் முடியவில்லை.

பதிவுப் புதுப்பித்தலுக்குத் தேவையான தொடர் கல்வி மணி நேரங்களைத் திரட்டுவதிலும் ஒத்துழைப்பு வளர்ந்தது. பெரிய மருத்துவமனைகள் நடத்தும் பயிலரங்குகளின் செய்தி, முன்பு சுவரொட்டியாக அவ்வளாகத்திலேயே நின்றுவிடும். இப்போது திருமங்கலத்துக்கும் அன்றே போய்ச் சேருகிறது. இதில் ஆண் செவிலியர்கள் சிலர் எடுத்துக்கொண்ட பொறுப்புக்கு நன்றி.

வாட்ஸ்அப் குழுவுக்கு செயற்குழு கண்டிப்பான விதிகளை வகுத்தது. நோயாளியின் முகம், பெயர், கேஸ் ஷீட், எக்ஸ்ரே எதையும் எக்காரணத்தாலும் பகிரக் கூடாது. எந்த மருத்துவரைப் பற்றியும் நிர்வாகத்தைப் பற்றியும் வதந்தி எழுதக் கூடாது. காலியிடச் செய்தி போடுபவர் சம்பளம், பணி நேரம், தங்குமிடம் ஆகியவற்றை விசாரித்தே போட வேண்டும். மூன்றாம் விதி முதலில் கடுமையாகத் தோன்றினாலும், அரைகுறைச் செய்தியை நம்பி வேலையை விட்டுவிட்டுத் தவித்தவர்களைக் கண்டபின் அனைவரும் ஏற்றுக்கொண்டனர்.

மூத்தோர் வழிகாட்டும் திட்டம் எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. மூத்த செவிலியர்களுக்கு விருப்பம் உண்டு. ஷிப்ட் நேரங்கள் ஒத்துவராததால் இளையவர்களைச் சந்திக்க முடிவதில்லை. வரும் ஆண்டில் ஒரே பேருந்து வழியில் வசிப்பவர்களை இணைத்துப் பார்க்கலாம் என்ற துணைத்தலைவரின் யோசனையைச் செயற்குழு ஏற்றுள்ளது. ஓய்வு பெற்ற செவிலியர்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களிடம் நேரமும் இருக்கிறது, பல மருத்துவமனைகளில் அவர்கள் பயிற்றுவித்தவர்களே இன்று பொறுப்பிலும் இருக்கிறார்கள்.

பின்வரும் மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்: பணிக்குத் திரும்பும் செவிலியர்களுக்கான மறுபயிற்சி வகுப்பைத் தொடங்குதல், வெளிநாட்டில் பணிபுரியும் உறுப்பினர்களின் ஒப்புதலோடு நாடுவாரித் தொடர்புப் பட்டியல் தயாரித்தல், சிறிய மருத்துவமனைச் செவிலியர்களுக்கு முதலாண்டு உறுப்பினர் சந்தாவை விலக்குதல்.

மாதச் சந்திப்புகளுக்கு இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாம் கூட்டத்துக்கு வருவதற்காகத் தங்கள் ஷிப்ட்டை மாற்றிக்கொடுத்த, நம் உறுப்பினர் அல்லாத பல சக செவிலியர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
மதுரை