வேறு டீமில் இருந்த அந்த அக்காவுக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டதால் போடவில்லை அக்கா, ஆனால் தரமணி அலுவலகத்தில் வேறு டீமில் இருந்துகொண்டு, எனக்குச் சொல்லித்தர வேண்டிய எந்தக் கட்டாயமும் இல்லாமல் உங்கள் டீ நேரத்தையெல்லாம் எனக்காகச் செலவழித்ததற்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

மேனேஜர் புது வேலை கொடுக்கும்போது முடியாது என்றும் சொல்லாமல், சும்மா தலையாட்டவும் செய்யாமல், "செய்கிறேன் சார், கையில் இருக்கிற ரிப்போர்ட், கிளையன்ட் டெமோ இரண்டில் எதைத் தள்ளி வைக்கட்டும்?" என்று கேட்கச் சொன்னீர்களே, அதுதான் பெரிய விஷயம். எது முக்கியம் என்ற முடிவை அவரே எடுத்துவிடுகிறார், மனக்கசப்பும் வருவதில்லை. மீட்டிங் முடிந்த கையோடு யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று மட்டும் எழுதி அனுப்புவது, மெயிலில் கேட்க வேண்டியதை முதல் வரியிலேயே கேட்டுவிடுவது, இதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்த பொமோடோரோ முறை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் சமையலறை டைமரை வைத்து உருவாக்கியது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட இடைவேளை. போனை டிராயரில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கணும் என்று நீங்கள் சேர்த்துச் சொன்னதுதான் உண்மையில் கைகொடுத்தது.

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கும் இப்போது இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ரொம்ப நன்றி அக்கா.