லேபலில் அந்த ஒரு வரி

மருதமுனை

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் தறித் துணியில் நீ தைத்து விற்கப்போகிற உடுப்புக்கென்று அனுப்பிய லேபல் படத்தைத் தறியில் இருந்தபடியே போனில் பார்த்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நூறு வீதம் இயற்கை' என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு மகள்.

நாம் நெய்கிற நூல் இந்தியாவிலிருந்து வருவது. பருத்திதான், அதில் பொய்யில்லை. சாயம் கடையில் வாங்குகிற தூள். உப்பும் சோடாவும் சேர்த்துத் தோய்க்கிறோம். தோய்த்து மிஞ்சிய தண்ணீர் எங்கே போகிறது? நம்முடையது மணல் பூமி, பின்வளவில் ஊற்றினால் நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். உம்மா சோறாக்க அள்ளுவதும் அந்தக் கிணற்றில்தான். லண்டனில் உன் உடுப்பை வாங்குகிற யாருக்கும் இது தெரியப்போவதில்லை. முதல் லாபம் வந்தால் விளம்பரத்துக்குக் கொடுக்காமல், சாயத் தண்ணீரைத் தேக்கிச் சுத்தம் செய்ய ஒரு தொட்டிக்கு வழி பார்.

மஞ்சளில் தோய்க்கலாமே என்று கேட்டாய். தோய்க்கலாம், வெயில் பட்டால் வெளிறிவிடும். மாதுளந்தோல் படிகாரத்தோடு ஓரளவு நிற்கும். வாங்குகிறவரிடம் அதைச் சொல்லி விற்பாயென்றால் சரி.

அப்புறம் அந்த விரிந்த கவுன். ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரத்தில் வெட்டு இல்லை, இரண்டு ஓரத்தையும் மூட்டினால் முடிந்தது. சேலைக்கு அதுவும் வேண்டாம். உன் கவுனிலோ வெட்டி விழுகிற துண்டே ஒரு பிள்ளைக்குச் சட்டையாகும். நான் கால் வலிக்க மிதித்து நெய்தது அது! நம் தறியின் அகலத்தை அளந்துவிட்டு வரை.

'பாரம்பரியம் காக்கும் கைகள்' என்றும் எழுதியிருக்கிறாய். வாசித்துச் சிரித்துவிட்டேன். 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோது உன் மூத்தாப்பா பாதித் தறிகளை நிறுத்தினார். மிஞ்சியதை 2004இல் கடல் கொண்டு போனது. அந்தக் கைகளில் பல இப்போது கட்டாரில் கொங்கிரீட் குழைக்கின்றன, காசு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் நெய்கிறவருக்கு என்ன கொடுப்பாய் என்று நீ எழுதவேயில்லை. இங்கே துண்டுக்குத்தான் கூலி. நெடுக்கு நூலான பாவை ஓட்டி, ஒவ்வோர் இழையாகக் கோத்து முடிய நாள்கணக்காகும். அந்த நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நூல் சுற்றுகிற பெண்களின் வேலையையும் எடுப்பதில்லை. நீ எடு. பாதிக் காசை முன்னாலேயே கொடு. முன்பு ஒரு கடைக்காரர் சேலைகளை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். அந்த நோன்புப் பெருநாளை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்று உம்மாவைக் கேள்.

ஓடர் இருந்தால் ஒக்டோபருக்கு முன் சொல்லு. மாரி தொடங்கினால் நூல் காயாது.

இதோடு ஒரு நீலத் துண்டு வைத்திருக்கிறேன். நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார். சாயம் ஒட்டினால் எனக்கு மட்டும் சொல், தோய்த்தது உம்மா.

இப்படிக்கு,
வாப்பா