யார் பதில் சொல்கிறார்கள்?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முதுமை, உடல்நலம், சமூக நலன் மூன்றையும் சேர்த்து முதுநிலை ஆய்வு செய்யப்போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருடம் வார்டில் செவிலியராக இருந்துவிட்டு மறுபடி மாணவியாக உட்காருவது லேசான காரியமில்லை. இங்கே எல்லாரும் நலம். என் ஆய்வில் நேர்காணல்கள் முடிந்து, எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

‘தனித்து வாழும் முதியோரின் உடல்நலப் பிரச்சினைகள்’ என்ற உன் தலைப்பில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. பிரச்சினையிலிருந்து தொடங்கினால் கேள்வித்தாள் நோய்ப் பட்டியலாக முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 அறிக்கை, நோயே இல்லாததை ஆரோக்கியமான முதுமை என்று சொல்லவில்லை. ஒருவர் தனக்கு முக்கியம் என்று கருதுவதைச் செய்ய முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. அதில் உடம்புக்கு மட்டுமில்லை, சுற்றுப்புறத்துக்கும் பங்கு உண்டு. ஒரே மாதிரி மூட்டுவலி உள்ள இருவரில், லிஃப்ட் இருக்கும் கட்டடத்துக்காரர் வெளியே போய்வருவார், மற்றவர் மூன்றாம் மாடியிலேயே அடைந்து கிடப்பார். மருத்துவரின் குறிப்பில் இருவரும் ஒன்றுதான். உன் ஆய்வுக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்.

அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று அளக்க அளவுகோல் கேட்டிருந்தாய். குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற அடிப்படை வேலைகளுக்கு 1963இல் வந்த காட்ஸ் அளவுகோல் போதும். சமையல், கடைக்குப் போவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது போன்றவற்றுக்கு 1969இல் லாட்டனும் பிராடியும் செய்த அளவுகோல் இருக்கிறது. ஆனால் அது அந்தக் காலத்து ஆண் பெண் வேலைப் பிரிவினையை அப்படியே சுமந்து வந்தது. ஆண்களுக்குச் சமையலும் துணி துவைப்பதும் மதிப்பெண்ணில் சேரவில்லை. வாழ்நாளில் அடுப்புப் பக்கமே போகாத ஒருவர் ‘சமைப்பதில்லை’ என்றால் அது இயலாமையா, பழக்கமின்மையா? இரண்டையும் தனித்தனியாகக் கேள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், யார் பதில் சொல்கிறார்கள் என்பது. நீ பெரியவரைக் கேட்பாய், பக்கத்தில் இருக்கும் மகளோ பேரனோ முந்திக்கொள்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் முதியவரின் இயலாமையைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் அவமதிப்போ அடியோ இருந்தால், எல்லார் முன்னாலும் அவரால் வாய் திறக்கவும் முடியாது. கொஞ்ச நேரமாவது தனியே பேசு. பிறர் சொன்ன பதில்களைத் தனியாகக் குறித்து வை. மறதி நோய் உள்ளவரிடமும், உறவினர் சம்மதக் கையெழுத்து போட்டாயிற்று என்று நின்றுவிடாமல் அவர் முகத்தைப் பார். அவர் வேண்டாம் என்று திரும்பிக்கொண்டால் பேட்டி அங்கேயே முடிந்தது.

அப்புறம், எண்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் ஒரே நாளில் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசமெல்லாம் வயதால் வந்தது என்று எழுதிவிடாதே. படிப்பு, சிறுவயது ஊட்டச்சத்து, பார்த்த வேலை எல்லாமே தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கும். அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய பால்டிமோர் முதுமை ஆய்வு ஒரே ஆட்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்வது இதற்காகத்தான். முதுநிலைப் படிப்பில் உனக்கு அவ்வளவு காலம் கிடையாது, சரி. முடிவுகளை அந்த அளவுக்குள் எழுது.

நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் கேள்வித்தாளை எனக்கு அனுப்பு. அதற்குள் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டி, எந்தக் கேள்வியில் சலித்துக்கொள்கிறார் என்று ஓரத்தில் குறித்து வை.

அன்புடன்,
வசந்தி