ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய்: நிதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கும் ஜிஎஸ்டி கவுன்சில் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 செப்டம்பரில் கூடிய கவுன்சில், பீடிக்கு 28 சதவீதமாக இருந்த வரியை 18 ஆகவும், பீடி இலைக்கு 18 ஆக இருந்ததை 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. நன்றி. நெல்லை, தென்காசி மாவட்டங்களின் முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்ற சுளவை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அதில் என்ன வந்தது என்று கேட்கத்தான் இந்த மடல்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏறிய வரி எப்படிக் கீழே, சுற்றுகிறவள் தலையில் இறங்கியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று அரசு நிர்ணயித்திருக்கிறது. கம்பெனி அதில் கைவைத்தால் வழக்கு வரும்; இலையில் கைவைத்தால் வராது. ஆயிரம் சுற்ற அறுநூறு, எழுநூறு கிராம் இலை வேண்டும். கம்பெனிக்காக இலை கொடுத்துப் பீடி வாங்கும் கடையில் ஐம்பது கிராம் குறைத்து நிறுத்தாலும், எடை சரியாக இருந்து இலை சொத்தையாக இருந்தாலும் பலன் ஒன்றுதான். மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் காய்ந்து வரும் இலையைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்ல முடியாது. நனைத்து, ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, அளவுத் தகட்டைப் பொருத்திக் கத்திரியால் வெட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். நல்ல இலையில் இரண்டு மூன்று துண்டு விழும். ஓட்டை விழுந்ததிலும் நரம்பு தடித்ததிலும் ஒன்று தேறுவதே பாடு. நனைத்த இலையைக் கடை திரும்ப வாங்காது. பீடி எண்ணிக்கையும் குறையக் கூடாது. ஆகவே சுற்றுகிறவள் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கி ஆயிரத்தை நிரப்பிக் கொடுக்கிறாள். கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. அதற்குப் போன இலையும் புகையிலைத் தூளும் அவள் தலையில்தான். இந்தக் காசு, கூலிக் கணக்கு எழுதும் எந்தப் பாஸ்புக்கிலும் ஏறாது. கூலி உயர்ந்திருப்பதாகக் காகிதம் மட்டும் சொல்லும்.

கம்பெனி இலைக்குக் கட்டிய வரியைப் பீடிக்கான வரியில் கழித்துக்கொள்ளலாம். அவள் வெளியில் வாங்கும் இலைக்கு அப்படி ஒரு கழிவு உண்டா?

2017 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய் என்று தீர்வை பிடித்து நலநிதியில் சேர்த்து வந்தார்கள். இருபத்தைந்து பீடிக் கட்டு ஒன்றுக்குப் பன்னிரண்டரை பைசா. பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட மானியம், முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று இருக்கிற மருத்துவமனை எல்லாம் அந்த நிதியின் பெயரால் வந்தவை. ஜிஎஸ்டி வந்ததும் தீர்வையை எடுத்துவிட்டீர்கள். வரி வந்தது, நிதிக்கு இருந்த தனி வழி அடைபட்டது. இப்போது பட்ஜெட்டில் என்ன ஒதுக்கினாலும் அதுதான்.

இன்னொரு பக்கம், விற்றுமுதல் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத 20 லட்சத்துக்குள் என்று கணக்குக் காட்டி, பதிவில்லாமல் இலை கொடுத்துப் பீடி சுற்ற வைக்கிறவர்கள் முளைத்திருக்கிறார்கள். அங்கே பாஸ்புக் இல்லை, பிஎஃப் இல்லை, போனஸ் இல்லை.

பீடி உடம்புக்கு நல்லது என்று நாங்கள் வாதாட வரவில்லை. பீடி குடிப்பவனைத் தடுக்கப் போட்ட வரியைச் சுற்றுகிறவள் ஏன் கட்டினாள் என்பதே கேள்வி.

எங்கள் கோரிக்கை ஒன்றே: குறைத்த பத்து சதவீதத்திலிருந்து ஆயிரத்துக்கு ஐந்து ரூபாயை நலநிதிக்குத் திருப்புங்கள். விட்டால் அது கம்பெனியோடும் ஏஜெண்டோடும் நின்றுவிடும். ஏறும்போது ஒரே நாளில் திண்ணை வரை வந்த வரிக்கு, இறங்கும்போது மட்டும் வழி தெரிவதில்லை.

தீர்வை என்றால் நாடாளுமன்றம் வேண்டும், கூலி மாநிலத்தின் பாடு, இலை வனத்துறையின் பாடு என்று பதில் வரும். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனிகளின் வருமான வரியை 30லிருந்து 22 சதவீதமாக்க ஓர் அவசரச் சட்டம் போதுமாக இருந்தது. அன்றைக்கு எந்தத் துறையின் பாடு என்று யாரும் தேடி அலையவில்லை. பணம் இருக்கிற இடத்துக்குச் சட்டம் ரயிலேறிப் போகிறது. முக்கூடலுக்கு வர மாட்டுவண்டிகூடக் கிடைப்பதில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய். கூடவே, இலை நிறுக்கும்போது எடையும் தரமும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு சீட்டு. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதை மாநிலத் தொழிலாளர் துறையிடம் சொல்ல, கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் மாநில அமைச்சர்களே போதும். அடுத்த கூட்டத்தின் நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பீடிக் கணக்கு அறிந்த சிலர்,
ஆலங்குளம் வட்டாரம்