இணையவழி கோர்ஸ் ஒர்க் வகுப்புகளில் நிமிடக் கணக்கு வருகைப்பதிவை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்
பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர், வணிகவியல்,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்.
(பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: முனைவர் பட்ட கோர்ஸ் ஒர்க் வகுப்புகளை இணையவழியில் நடத்தும்போது வருகையைக் கணக்கிடும் முறையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

நான் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக வணிகவியல் உதவிப் பேராசிரியராக வேலை பார்க்கிறேன். கல்லூரியில் தடையின்மைச் சான்று வாங்கி, பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஆய்வின் தொடக்கத்தில் படித்துத் தேர்வெழுதி முடிக்க வேண்டிய கோர்ஸ் ஒர்க் பாடங்களின் வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் கூகுள் மீட் வழியாக நடந்தன. ஒரு தாளுக்கு மொத்தம் 24 வகுப்புகள், வகுப்புக்கு 90 நிமிடம். அதில் எனக்கு 17 வகுப்புகளுக்கு மட்டும் வருகை ஏறியிருக்கிறது. 70.83 சதவீதம். தேர்வெழுதத் தேவையான 75 சதவீதத்துக்கு ஒரே ஒரு வகுப்பு குறைவு. அதனால் அந்தத் தாளின் தேர்வை எழுத விடவில்லை. அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து, கட்டணம் கட்டி, 24 வகுப்புகளையும் முதலிலிருந்து கேட்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு வகுப்புக்கு ஒரு வருடம்.

விடுபட்ட ஏழு வகுப்புகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் அப்பாவை ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அந்த இரண்டுக்கும் நான் வரவே இல்லை, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஒரு நாள் என் போன் பழுது. கணவரின் போனில் சேர்ந்து முழு வகுப்பும் கேட்டேன், இரண்டு கேள்விக்குப் பதிலும் சொன்னேன். யார் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று மென்பொருள் அனுப்பும் வருகை அறிக்கையில் அவர் பெயர் 88 நிமிடம் இருக்கிறது, என் பெயர் இல்லை. (இந்தக் கணக்குப்படி அந்தியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் கணவர் ஆராய்ச்சி முறையியலில் ஒரு வகுப்பு முடித்திருக்கிறார்.) இன்னொரு நாள் பத்து மணி வகுப்பை எட்டரைக்கு மாற்றி, காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நான் பார்த்தபோது பாதி வகுப்பு முடிந்திருந்தது. மே மாதக் கோடைமழைக் காற்றில் எங்கள் பக்கம் வாழையெல்லாம் சாய்ந்த அன்று மின்கம்பமும் சாய்ந்தது, அது ஒன்று.

மீதி இரண்டும் மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாட்கள். துணை மின் நிலையத்தில் வேலை, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை மின் விநியோகம் இருக்காது என்று முந்தின நாள் பேப்பரிலேயே வந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழகிய சேதி. மாவரைப்பதையும் தண்ணீர் ஏற்றுவதையும் அதற்கு முன்னால் முடித்துக்கொள்வோம். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் வீட்டு வைஃபை நிற்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் செல்போன் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும். அப்புறம் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. முதல் தடவை வீட்டிலேயே போராடிப் பார்த்து 40 நிமிடத்தோடு போயிற்று. இரண்டாவது தடவை முன்யோசனையாக வண்டியை எடுத்துக்கொண்டு அந்தியூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரிக்குப் போனேன். "கரண்டு வர சாயங்காலம் ஆயிருமுங்க, இன்வெர்ட்டர்லதான் ஓட்டிட்டிருக்கேன், அந்த மூலையில உக்காந்துக்குங்க" என்று கடைக்காரர் இடம் கொடுத்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு, டீ மிஷின் சத்தத்துக்கு நடுவில், ஆய்வுக்கு மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறைகளைப் பற்றிய வகுப்பைக் கேட்டுக் குறிப்பும் எடுத்தேன். நாலு தடவை இணைப்பு அறுந்து நாலு தடவையும் திரும்பச் சேர்ந்தேன். அறிக்கையில் மொத்தம் 61 நிமிடம். எங்கள் விதிப்படி வகுப்பு நேரத்தில் 80 சதவீதம், அதாவது 72 நிமிடம் இருந்தால்தான் வருகை. 11 நிமிடம் குறைவு. அந்த 11 நிமிடம் கிடைத்திருந்தால் 18 வகுப்பு, சரியாக 75 சதவீதம், இந்த மனுவே எழுத வேண்டியிருக்காது.

பல்கலைக்கழக அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறி மூன்றரை மணி நேரம் பயணம் செய்து போய்க் கேட்டேன். "சிஸ்டம் என்ன காட்டுதோ அதுதாங்க மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பிரிவு எழுத்தர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு எக்செல் தாள்தான். பாடம் நடத்திய பேராசிரியருக்கு என்னைத் தெரியும், என் பதில்களைக் கேட்டிருக்கிறார், இரண்டு அசைன்மென்ட்டுக்கும் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார். ஆனால் வருகையை மாற்றும் அதிகாரம் அவருக்கும் இல்லையாம். ஒரு மென்பொருள் அனுப்பும் அறிக்கையைத் திருத்த ஒரு மனிதருக்கும் அதிகாரம் இல்லை என்பதுதான் எனக்கு விளங்காத இடம்.

வருகைப்பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் தினமும் வருகை எடுக்கிறவள்தான். 2020 ஊரடங்கின்போது ஆன்லைனில் வகுப்பெடுத்ததால், லாக்-இன் செய்துவிட்டுத் தூங்கப் போகிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். இப்போது என்னோடு படிக்கும் ஆய்வாளர்களிலும் காலையில் இணைப்பைப் போட்டு, போனைச் சார்ஜில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் உண்டு. ஒளிக்காமல் சொன்னால், நானே ஒரு வகுப்பை மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டே கேட்டேன். அதற்கு எனக்கு முழு வருகை! பேக்கரி மூலையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்த நாளுக்கு ஆப்சென்ட். இந்த முறை யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முழு முனைவர் பட்டத்தையும் ஆன்லைனில் கேட்கிறேன் என்றும் தயவுசெய்து எண்ண வேண்டாம். அதற்கு அனுமதி இல்லை என்பது தெரியும். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் (இணையவழிக் கல்வி) கம்பெனிகள் விளம்பரம் செய்யும் ஆன்லைன் பிஎச்டிக்கு அங்கீகாரம் கிடையாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏஐசிடிஇ) 2022 அக்டோபரில் எச்சரித்ததும் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆய்வு, நெறியாளர் சந்திப்பு, ஆராய்ச்சி ஆலோசனைக் குழுக் கூட்டம் எல்லாம் நேரில்தான். பேச்சு கோர்ஸ் ஒர்க் வகுப்புகளைப் பற்றி மட்டும்.

மானியக் குழுவின் 2022 நவம்பர் விதிமுறைகள் கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும் என்கின்றன. தொடர்ந்து ஆய்வு செய்ய 55 சதவீத மதிப்பெண்ணோ அதற்கு இணையான கிரேடோ வாங்க வேண்டும் என்கின்றன. இணையவழி வகுப்பில் இத்தனை நிமிடம் திரை முன்னால் இருக்க வேண்டும் என்று அவற்றில் எங்கும் இல்லை. அது பல்கலைக்கழகம் தானாக வைத்துக்கொண்ட கணக்கு. அது வைத்ததை அது திருத்தவும் முடியும்.

வேறு வழி இருக்கிறதா என்றால், மத்திய அரசின் இணையவழிப் பாடங்களுக்கான ஸ்வயம் தளமே இருக்கிறது. 2017-லிருந்து நடக்கிறது. அதில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் வீடியோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வாரா வாரம் அசைன்மென்ட், கடைசியில் மையத்துக்குப் போய்க் கண்காணிப்பாளர் முன்னால் எழுதும் தேர்வு. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. இரண்டிலும் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால்தான் சான்றிதழ். எத்தனை நிமிடம் உட்கார்ந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, அதற்காக அந்தச் சான்றிதழை யாரும் மட்டமாக நினைப்பதும் இல்லை. 2020 ஏப்ரலில் மானியக் குழுவே, ஊரடங்கு நாட்களை மாணவர்களும் ஆய்வாளர்களும் வருகை தந்த நாட்களாகக் கருதலாம் என்று வழிகாட்டியது. ஆளின் கையில் இல்லாத காரணத்துக்கு ஆளைத் தண்டிக்கக் கூடாது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. மாதம் ஒருநாள் கரண்ட் நிற்பதும் எங்கள் கையில் இல்லாததுதான்.

என் கதை ஒன்று மட்டும் என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். எங்கள் பேட்ச்சில் பல்லடம் பக்கத்திலிருந்து ஒருவர் சேர்ந்தார். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் குடோன். கேள்வி கேட்டால் மைக்கைத் திறக்க வேண்டும். திறந்தால் அவர் குரலுக்கு முன்னால் தறிச்சத்தம் வரும். "யாருங்க அது, மியூட் பண்ணுங்க" என்று சத்தம் வரும். மியூட் செய்தால் வகுப்பில் பங்கேற்கவில்லை என்று குறிப்பு. பாவம், மனிதர் சேட் பெட்டியில் எழுதி எழுதியே பாடத்தை முடித்தார். தாளவாடியிலிருந்து ஒருவர் படிக்கிறார். அவருக்கு வீட்டில் நெட் நிற்காது. முக்கியமான வகுப்பு என்றால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சத்தியமங்கலத்துக்கு வந்து, தெரிந்தவர் கடையில் உட்கார்ந்து கேட்பார். நேரில் வந்து படிக்க முடியாதவருக்காகத்தான் ஆன்லைன் வகுப்பு. அந்த ஆன்லைன் வகுப்புக்காக அவர் மலை இறங்குகிறார்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் இருக்கிறாள். வகுப்பு முழுக்க கேமரா திறந்திருக்க வேண்டும் என்று ஒரு பேராசிரியர் கண்டிப்பு. பால் கொடுக்கும் நேரத்தில் அவள் கேமராவை மூடுவாள், பெயருக்கு நேராகக் குறி விழும். பெண் ஆய்வாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று அதே 2022 விதிமுறைகள் சொல்கின்றன. பால் கொடுக்கிற பதினைந்து நிமிடத்துக்கு இடம் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. ஆன்லைன் வகுப்புகள் எல்லாம் எப்படியும் வீடியோவாகப் பதிவு செய்யப்பட்டு கூகுள் டிரைவில் கிடக்கின்றன. இணைப்போ மின்சாரமோ போய் ஒருவருக்கு வகுப்பு தவறினால், ஒரு வாரத்துக்குள் அந்தப் பதிவைப் பார்த்து, பேராசிரியர் கொடுக்கும் இரண்டு மூன்று கேள்விக்குக் கையால் பதில் எழுதி அனுப்பட்டும். அவர் படித்துப் பார்த்துச் சரி என்றால் வருகை போடட்டும். இது ஏமாற்ற வழியாகிவிடும் என்ற பயம் இருந்தால், மொத்த வகுப்புகளில் கால் பங்குக்கு மேல் இப்படிச் சேர்க்கக் கூடாது என்று வரம்பு வைக்கலாம். எங்களுக்கு அதுவே போதும். மின்தடை நாளுக்கு மின்வாரியத்தின் அறிவிப்பையே ஆதாரமாக ஏற்க வேண்டும். அந்த நாட்களுக்கு வருகைக் குறைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. கேமரா விஷயத்தில், வகுப்பின் தொடக்கத்தில் முகம் காட்டினால் போதும் என்று வைத்துவிட்டு, ஆள் இருக்கிறாரா என்பதை நடுவில் ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வகுப்பறையில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். நேரில் நடக்கும் வகுப்புகளுக்கு 75 சதவீதத்தை அப்படியே வைத்துக்கொள்ளட்டும், அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. வருகை குறைந்தவர் முறையிட ஒரு மனிதர் வேண்டும். ஆராய்ச்சி ஆலோசனைக் குழு ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் குழுவிடமே அதிகாரத்தைக் கொடுத்து, விண்ணப்பம் வந்த 15 நாளுக்குள், தேர்வுக்கு முன்னால் முடிவு சொல்ல வைத்தால் போதும். புதிதாக ஒரு பிரிவும் வேண்டாம், செலவும் இல்லை.

பல்கலைக்கழகம் தன்னாட்சி கொண்டது, அங்கேயே கேட்க வேண்டியதுதானே என்று தங்கள் அலுவலகத்தில் நினைக்கக்கூடும். மூன்று முறை கேட்டாயிற்று, பதில் வரவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் உயர்கல்விச் செயலாளர் பதவிவழி உறுப்பினர் என்பதால்தான் தங்களிடம் வருகிறேன். தாங்கள் அங்கே ஒரு பொருளாக வைத்தால் பேசப்படும். நான் எழுதினால் தபால் பதிவேட்டில் ஒரு எண் விழும், அவ்வளவுதான்.

என் சொந்தக் கோரிக்கை சிறியது. அடுத்த துணைத்தேர்வில் அந்தத் தாளை எழுத அனுமதிக்க வேண்டும். எனக்கு ஏன் அவசரம் என்றால், என் ஆய்வு மஞ்சள் விவசாயிகள் தங்கள் சரக்கை எங்கே, எப்படி விற்கிறார்கள் என்பதைப் பற்றியது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விவசாயி கைக்கு வரும் விலையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். தை, மாசியில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டு ஏலத்துக்கு வரும். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் கோபி கூட்டுறவுச் சங்கத்திலும் அந்தச் சில மாதங்களில்தான் விவசாயியை மூட்டையோடு பிடித்துப் பேச முடியும். கோர்ஸ் ஒர்க் முடியாமல் என் ஆய்வுத் திட்டம் உறுதியாகாது, கேள்வித்தாளோடு களத்தில் இறங்க முடியாது. இந்தப் பருவத்தை விட்டால் அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும்.

நேரில் வந்து விளக்கச் சொன்னாலும் வருகிறேன். சனி, ஞாயிறு தவிர்த்து எந்த நாள் சொன்னாலும் சரி; அந்த இரண்டு நாளும் மற்றத் தாள்களுக்கு வகுப்பு இருக்கிறது.

இணைப்பு: வருகை அறிக்கையின் நகல், மின்தடை அறிவிப்பு வந்த நாளிதழ்ப் பக்கங்கள் இரண்டு, ஆஸ்பத்திரி நாட்கள் இரண்டும் போக விடுபட்ட மற்ற ஐந்து வகுப்புகளுக்கும் நான் எழுதிய குறிப்புகள், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மூன்று விண்ணப்பங்களின் நகல், மின்தடை நாளன்று காலை 10.05 மணிக்குப் போட்ட பேக்கரி ரசீது, இரண்டு டீ, ஒரு தேங்காய் பன்.

இடம்: அந்தியூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)