காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு, குறிப்பாக அம்மாக்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. நம் பக்கம் டெங்கு அதிகம் வருவது இந்த மாதங்களில்தான். மூன்று நாள் காய்ச்சலடித்து உடம்புச் சூடு தணிந்ததும், "சரி, விட்டுவிட்டது" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் திடீரென்று குறையலாம்.

விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், சில்லிட்ட கைகால், எழுந்திருக்க முடியாத சோர்வு, நிலைகொள்ளாத தவிப்பு... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மெடிக்கலில் சொல்லி நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நிலவேம்புக் கசாயத்தை மட்டும் நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

வீட்டில் கைக்குழந்தையோ ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ இருந்தால் இன்னொன்று. சளி, இருமல் வந்தால் குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக (நுரையீரல் தொற்று) இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுந்தாலும் அப்படித்தான். பால் குடிக்காமை, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காமை எந்த நோயிலும் அவசரம்தான்.

"எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை" என்று அம்மா சொன்னால், "வெறும் சளிதான்" என்று வீட்டில் அடக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அடங்கிப் போகாதீர்கள். எந்த நாள் காய்ச்சல் தொடங்கியது, எவ்வளவு குடித்தான், கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையைப் போலவே அவருக்கு அதுவும் முக்கியம்.

விடுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். விட்டுப்போன பாடங்களை நாங்கள் திரும்ப நடத்திக்கொள்கிறோம்.

வரும் வெள்ளி மாலை 3 மணிக்குக் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கு வருகிறார். மூச்சு எண்ணுவதையும் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கரைப்பதையும் செய்துகாட்டுவார். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்